ஒப்படையும் எழுதும் இயந்திரமும்: கற்றலில் எழுத்துழைப்பின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

பல்கலைக்கழக மாணவர் சமர்ப்பிக்கும் ஒப்படைகளை அவர்கள் எழுதுவதில்லை, இயந்திரமே எழுதுகின்றது என்ற முறைப்பாடு இன்று விரிவுரையாளர் மத்தியிற் பரவலாகக் கேட்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, ஓப்பன் ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் சாட்ஜிபிடி எனும் உரையாடற் பொறியைப் பொதுப் பாவனைக்கு விட்டது. அதனைத் தொடர்ந்து வேறு பல நிறுவனங்களும் இத்தகைய ஆக்கச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை வெளியிட்டன. கேட்ட பொருள்பற்றிக் கேட்ட நீளத்திற் கட்டுரை எழுதித் தரும் இப்பொறிகள், கற்பித்தல் மதிப்பீட்டு முறைமையின் அடித்தளத்தையே அசைத்துள்ளன என்பதில் ஐயமில்லை.

இப்பிரச்சினை தொடர்பாக இரு நிலைப்பாடுகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று ஒழுக்கவியல் சார்ந்தது. மாணவரின் நேர்மை குன்றிவிட்டது, கண்காணிப்பும் தண்டனையுமே அதற்கு மருந்து என்பது இதன் சாரம். மற்றது தொழில்நுட்ப வழிபாடு. இயந்திரம் வந்துவிட்டது, அதனை ஏற்பதன்றி வேறு வழியில்லை என்பது அதன் முடிவு. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு குறைபாட்டைப் பொதுவாகக் கொண்டுள்ளன. இரண்டும் வரலாற்றுணர்வு அற்றவை. கற்பவன் எழுதுவது என்ற செயல் என்றென்றும் ஒரே தன்மையதாக இருந்து வந்தது என்றும், 2022இல் திடீரென அது குலைக்கப்பட்டது என்றும் இவை கருதிக்கொள்கின்றன.

எழுதுதல் என்பது ஓர் உழைப்பு. ஏனைய உழைப்பு வகைகளைப் போலவே அதற்கும் கருவிகள் உண்டு. அதனை ஒழுங்குபடுத்தும் சமூக உறவுகள் உண்டு. கற்றலில் இவ்வுழைப்பு எவ்விடத்தைப் பெற்று வந்தது, எக்காலத்தில் யாருடைய தேவைக்காக அது மதிப்பெண்ணாக மாற்றப்பட்டது என்பவற்றைத் தமிழ்ச் சூழலில், குறிப்பாக இலங்கைத் தமிழ்க் கல்வி வரலாற்றில், சுருக்கமாக நோக்குவது இக்கட்டுரையின் முதற்பணியாகும். மாணவர் ஒப்படைகளில் இயந்திரத்தைப் பொறுப்புடன் பயன்படுத்தல் என்று கூறப்படுவதன் பொருள் என்ன என்ற வினாவை அதன் பின்னரே நாம் பயனுற எழுப்ப முடியும்.

2

அச்சுக்கு முற்பட்ட தமிழ்க் கல்வி மனனத்தை மையமாகக் கொண்டது என்பர். இது ஓரளவுக்கே உண்மையாகும். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் என்னுஞ் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், பாடங் கேட்கும் முறை ஆகியனபற்றி விரிவாகப் பேசுகின்றது. அதன் இறுதிப் பகுதியிற் காணப்படும் ஒரு கணக்கீடு இங்கு மனங்கொளத்தக்கது. ஆசிரியன் கூறியதை நன்கு கேட்டுக்கொண்ட மாணாக்கன் புலமையிற் காற்பங்கினையே பெறுகின்றான். உடன் கற்பாருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கின்றது. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே கைகூடும்.

இக்கணக்கினைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். எடுத்துரைத்தல் கற்றல் முடிந்தபின் அதனைச் சோதிப்பதற்காக நிகழும் செயலாக இங்கு கொள்ளப்படவில்லை. அது கற்றலின் பாதியாகவே கொள்ளப்படுகின்றது. சொல்ல முனையும்போதே தன் அறிவின் ஓட்டைகளை ஒருவன் காண்கின்றான். அவற்றை அடைக்கும் முயற்சியிலேயே அறிவு முழுமை பெறுகின்றது. இன்று மாணவர் இயந்திரத்திடம் ஒப்படைப்பது இந்த அரைப்பங்கினையே என்பது எமது துணிபு.

அக்காலக் கல்வியை நாம் பொற்காலமாகக் காட்ட முனையவில்லை. ஓலையும் எழுத்தாணியும் அரிதாயிருந்த சூழலில், ஒவ்வொரு பிரதியும் ஒருவரின் நீண்டநேரக் கையுழைப்பினால் உருவான காலத்தில், மனனம் ஒரு பொருளியல் அவசியமாயிருந்தது. மேலும், அக்கல்வி சாதி, பால், நிலவுடைமை என்பவற்றால் வேலியிடப்பட்டது. எடுத்துரைக்கும் உரிமை சமூகத்தின் மிகச் சிறு பகுதியினர்க்கே கிட்டியது. நன்னூலார் வகுத்த மாணாக்கனுள் உழுதொழிலாளியின் மகனையோ எந்தப் பெண்ணையோ தேடிக் காண்பது அரிது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். இயந்திரம் முன்பு எழுதப்பட்ட தொடர்களைக் கோத்துத் தருகின்றது என்றால், பழைய பாணர்களும் அதனைத்தானே செய்தனர் என்று வாதிடலாம். பேராசிரியர் க. கைலாசபதி, ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வின் பேறாக 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களில் வாய்பாட்டுத் தொடர்கள் பெறும் இடத்தை விரிவாக எடுத்துக்காட்டியது. மரபு தந்த தொடர்களையும் பொருட்கூறுகளையும் கொண்டே பாணன் பாடினான். ஆகவே முன்னோர் சொல்லை எடுத்தாளுதல் குற்றமாகாது. தனிமனிதனின் முழு ஆக்கம் என்ற கருத்து முதலாளித்துவச் சமூகத்தோடு வலுப்பெற்ற ஒன்றே.

ஆயினும், பாணன் ஓர் அவையின் முன் நின்று பாடினான். அவன் பாடிய தலைவனையும் போரையும் அவ்வவை அறியும். பிழைபடப் பாடின் கேட்போர் அதனைச் சுட்டுவர். பழியும் பரிசிலும் அவனையே சாரும். சொற்கள் பொதுவாயிருந்தன, சொல்லியதற்கான பொறுப்பு அவனுடையதாயிருந்தது. இன்றைய பிரச்சினையின் கருவும் இதுவே. தொடர் யாருடையது என்பதைக் காட்டிலும், அதற்கு யார் பதில் சொல்வார் என்பதே முதன்மையான வினாவாகும்.

3

காலனித்துவக் காலத்தில் இவ்வுறவு பெருமாற்றமடைந்தது. அம்மாற்றத்தை விளக்க ஓர் உதாரணம் போதுமானது. 1789இற் சென்னையில் ஆண் அநாதைகள் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தமது பாடசாலையிற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். நன்னூலாரின் நோக்கில் எடுத்துரைத்தல் கற்பவனின் புலமையை நிறைவாக்குவது. கைத்தொழிற் புரட்சிக்கால இங்கிலாந்திலோ, ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான வறிய சிறுவரைக் குறைந்த செலவிற் பயிற்றும் பொறியாக அது பயன்பட்டது. செயல் ஒன்றே, உற்பத்தி உறவுகள் மாறியபோது அதன் கருத்தும் மாறிற்று. கருவியையும் முறையையும் அவை இயங்கும் உறவுகளினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். 1855இல் அது மூடப்படும்வரை விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் அங்கு ஒருங்கே பயிலப்பட்டன. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டில் அச்சியந்திரம் பெற்றார். அவருடைய பாலபாடங்கள் வசன நடையில் அமைந்தன. ஒரே பாடம் ஒரே வடிவிற் பல மாணவர் கைகளிற் கிடைக்கும் நிலை உருவாயிற்று. நூலைப் பேணுவதற்கு மனனம் இனித் தேவைப்படவில்லை. தர்க்கரீதியாக நோக்கின் மனனத்தின் ஆட்சி அத்துடன் தளர்ந்திருத்தல் வேண்டும். ஆனால் நடந்தது வேறு.

அதற்குக் காரணம் எழுத்துப் பரீட்சையாகும். பிரித்தானிய அரசாங்க சேவையைப் போட்டிப் பரீட்சையால் நிரப்புமாறு 1854ஆம் ஆண்டு நோர்த்கோட் - திரெவெலியன் அறிக்கை விதந்துரைத்தது. பிரபுத்துவச் சலுகைக்கு எதிராக நடுத்தர வர்க்கம் ஈட்டிய வெற்றி என்ற வகையில் அதற்கொரு முற்போக்கான பக்கம் உண்டு. காலனிகளிலோ அது விசுவாசமான எழுதுவினைஞரைத் தெரிந்தெடுக்கும் சல்லடையாயிற்று. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. வட்டுக்கோட்டையிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகளாயினர். இலங்கையில் 1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1862இற் புகுத்தப்பட்ட, பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு மானியம் வழங்கும் முறை இங்கும் வந்தது. 1880இற் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இத்தீவில் நடத்தப்படலாயின.

இதன் விளைவை அரசியற் பொருளாதாரத்தின் சொற்களிற் கூறுவதே பொருத்தமாகும். மாணவன் எழுதும் விடைக்கு இரு பெறுமதிகள் உண்டாயின. எழுதுவதன்மூலம் அவன் பெறும் விளக்கம் அதன் பயன்பெறுமதி. அதற்குக் கிடைக்கும் புள்ளியும் சான்றிதழும், அவற்றால் வாய்க்கும் உத்தியோகமும் அதன் பரிமாற்றப் பெறுமதி. இரண்டாவது முதலாவதை விழுங்கியது. விடை ஒரு பண்டமாயிற்று. பண்டமான பின் அதனைக் குறைந்த உழைப்பில் உற்பத்தி செய்யும் வழிகள் தேடப்படுதல் இயல்பே. வினாவிடைச் சுருக்கங்கள், மாதிரி விடைகள், துணைநூல்கள் ஆகியன இத்தேவையின் புதல்வர்கள். எழுதும் இயந்திரம் இப்பரம்பரையின் கடைக்குட்டியே அன்றித் தனித்துத் தோன்றிய பூதமன்று.

இதே நூற்றாண்டில் இதற்கு மாறான ஓர் எழுத்துழைப்பும் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்த இவர்களின் உழைப்பு, பரீட்சைச் சந்தையில் விலைபோகாதது. ஏடு உதவியோர், ஐயந் தீர்த்தோர் என்போருக்கான கடப்பாட்டைப் பதிப்புரையில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இப்பதிப்பாசிரியர்களால் வலுப்பெற்றது. இவ்வழக்கத்தின் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம்.

4

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமையும், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமையும், 1960ஆம் ஆண்டளவிற் கலைத்துறைகளிற் சுயமொழிப் போதனை பல்கலைக்கழகத்தை எட்டியமையும் இந்நாட்டின் கல்வி வரலாற்றில் மாபெரும் சனநாயக அடைவுகளாகும். கமக்காரரின் பிள்ளைகளும் கடற்றொழிலாளரின் பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தமை இவற்றாலேயே சாத்தியமாயிற்று. ஆனால் உரிமை விரிந்த வேகத்துக்கு அதன் பொருளியல் அடித்தளம் விரியவில்லை. அரசகரும மொழித் திணைக்களமும் பின்னர்க் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் மொழிபெயர்ப்புகளை வெளியிட்டன, கலைச்சொற்றொகுதிகள் உருவாயின. எனினும் உயர்கல்விக்கு வேண்டிய நூல்கள் தமிழிற் போதிய அளவு இல்லை. ஆங்கில நூல்களை வாசிக்கும் ஆற்றலோ பெரும்பான்மையான மாணவருக்கு வாய்க்கவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியது விரிவுரையாளர் சொல்ல மாணவர் எழுதிக்கொண்ட குறிப்பு. அது பாடநூலின் இடத்தைப் பிடித்தது, ஆண்டுதோறும் கைமாறியது, இறுதியிற் பரீட்சைத் தாளில் மீளவும் எழுதப்பட்டு விரிவுரையாளரையே வந்தடைந்தது. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் போட்டியைக் கூர்மையாக்க, தனியார் கல்வி நிலையங்கள் தழைத்தன. சுருக்கக் குறிப்பு விற்பனைப் பொருளாயிற்று. இதனை நாம் வெளியே நின்று கூறவில்லை. எமது உயர்தர வகுப்பில் நாமும் அச்சிட்ட குறிப்புகளை ஒப்புவித்தே சித்தியடைந்தோம். எமது முதலாம் ஆண்டு ஒப்படைகளுட் சில, மூத்த மாணவரின் ஒப்படைகளைத் தழுவியவையே. அவை நற்புள்ளிகளைப் பெற்றன.

நூல்வளத்தின் வரலாறு தமிழ் மாணவருக்கு வேறொரு காயத்தையும் கொண்டது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. போர் ஆண்டுகளிற் பாடசாலை நூலகங்களும் தனியார் சேகரிப்புகளும் இடப்பெயர்வின் வழிகளிலே கைவிடப்பட்டன. மூலத்தை நேரிற் பார்த்து ஒப்பிடு என்று மாணவரிடம் கூறுமுன், அம்மூலம் எங்கே இருக்கின்றது என்ற வினாவுக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் கூட்டுழைப்பாகும்.

2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாகக் கல்வி இணையவழிக்கு மாறியபோது, அலைபேசிச் சமிக்ஞை தேடி மலையுச்சிகளை நாடிய பிள்ளைகளை இந்நாடு கண்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கடதாசி இறக்குமதி தடைப்பட, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியிலேயே எழுதும் இயந்திரம் வந்தது. பரீட்சைக்குத் தாள் இல்லாத நாட்டின் மாணவன் கையில், எல்லையின்றி எழுதும் பொறி கட்டணமின்றி வந்து சேர்ந்தது. ஏற்றத்தாழ்வான வளர்ச்சி என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

5

இவ்வியந்திரத்தின் இயல்பை இனி நோக்கலாம். 2017இல் வெளியிடப்பட்ட டிரான்ஸ்போமர் என்னும் கணினிக் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு, மிகப் பெருந்தொகையான எழுத்துக்களிற் பயிற்றப்பட்ட மொழி மாதிரிகளே இவை. முன்வந்த தொடரை நோக்கி, அதன்பின் வரக்கூடிய சொற்கூறுகளின் நிகழ்தகவைக் கணித்து, ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்துச் செல்வதே இவற்றின் அடிப்படைச் செயன்முறை. மாதிரி தன்னளவில் நூற்பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. வழக்கமாக நூற்பெயர் எவ்வாறு அமையுமோ அவ்வாறு ஒரு நூற்பெயரை அமைக்கின்றது. அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாததாகவும் இருக்கலாம். அண்மைக்காலப் பொறிகள் இணையத்தைத் தேடி விடை கூறும் வசதி பெற்றுள்ளனவெனினும் இவ்வபாயம் நீங்கிவிடவில்லை. 2023இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றில், சாட்ஜிபிடி புனைந்த வழக்குத் தீர்ப்புகளை மேற்கோளாகச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டமை பலரும் அறிந்ததே.

இவற்றின் அறிவு எங்கிருந்து வந்தது? மனிதகுலம் எழுதிக் குவித்தவற்றினின்றும் வந்தது. கடந்தகால உழைப்பு இயந்திரத்தில் உறைந்து நின்று உயிருள்ள உழைப்பை ஆள்கின்றது என்று மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) காட்டிய நிலை, இங்கு எழுத்துழைப்புக்கும் பொருந்துகின்றது. சமூகம் முழுவதன் எழுத்து, ஒரு சில நிறுவனங்களின் தனிச்சொத்தாக மாறி, மாதக் கட்டணத்துக்கு அச்சமூகத்துக்கே திரும்ப விற்கப்படுகின்றது. கட்டணஞ் செலுத்துவோருக்குச் சிறந்த பொறி. செலுத்த இயலாதோருக்குக் குறைந்த பொறி. அருவருப்பான உள்ளடக்கங்களை இனங்காணப் பொறியைப் பழக்குவதற்காக, அத்தகைய எழுத்துக்களை நாள்முழுதும் வாசித்துத் தரம்பிரித்த கென்யத் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலரிலும் குறைந்த ஊதியம் பெற்றமையை 2023 ஜனவரியில் டைம் சஞ்சிகை வெளிப்படுத்தியது.

உறைந்த அவ்வுழைப்பில் எமது பங்கு மிகச் சிறிது. 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 மாதிரியின் பயிற்சி எழுத்துக்களில் ஏறத்தாழ 93 வீதமான சொற்கள் ஆங்கிலச் சொற்கள். உலகின் ஏனைய மொழிகள் யாவும் எஞ்சியதைப் பங்கிட்டன. பின்வந்த மாதிரிகள் தமிழைச் சரளமாக எழுதுகின்றன. ஆனால் சரளம் வேறு, அறிவு வேறு. அச்சில் வெளிவந்தும் எண்ணிமமாக்கப்படாத எமது சிற்றிதழ்களும் பிரதேச வரலாறுகளும் இயந்திரத்துக்கு எட்டாதவை. எட்டாதவிடத்து அது மௌனமாவதில்லை. பொதுமைப்பட்ட வாக்கியங்களால் வெற்றிடத்தை மூடிவிடுகின்றது. ஈழத்து இலக்கியம்பற்றி அது எழுதுவனவற்றில் இப்போக்கைத் தெளிவாகக் காணலாம்.

6

பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் முதலில் நாடியது தடையை. நியூயோர்க் நகரப் பொதுப் பாடசாலைகள் 2023 ஜனவரியிற் சாட்ஜிபிடியைத் தடைசெய்தன. மே மாதத்தில் அத்தடையைக் கைவிட்டன. ஹொங்கொங் பல்கலைக்கழகமும் 2023 பெப்ரவரியில் தற்காலிகத் தடை விதித்துப் பின்னர் அந்நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

அடுத்து நாடியது துப்பறியும் பொறியை. ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையில், இயந்திரம் எழுதியவற்றில் 26 வீதத்தையே அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தை இயந்திர எழுத்து எனத் தவறாகக் கூறியது. அதே ஆண்டு யூலையில் அக்கருவி மீளப்பெறப்பட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் பரீட்சைக்கென எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளிடம் கொடுத்தது. சராசரியாக 61 வீதமானவை இயந்திரம் எழுதியவை எனத் தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்டன. காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கது. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுவோன் அளவான சொற்றொகுதியையும் எதிர்பார்க்கத்தக்க தொடரமைப்பையும் பயன்படுத்துகின்றான். எதிர்பார்க்கத்தக்கது யாவும் இயந்திரத்தினது என்று கருவி கருதுகின்றது. ஆங்கில மொழிமூலம் கற்கும் எமது கிராமப்புற மாணவரே இத்தவற்றின் முதற் பலியாவர். வறுமையின் தடயத்தைக் குற்றத்தின் தடயமாக வாசிக்கும் எந்தப் பொறியையும் நாம் நீதிபதியாக ஏற்க முடியாது.

இங்கு எமது சொந்த அனுபவமொன்றைக் கூறுதல் தகும். மலையக நாட்டார் பாடல்கள்பற்றிய ஒப்படையொன்றிற் குறிப்பிடப்பட்டிருந்த நூலொன்றை நாம் எங்குந் தேடிக் காணவில்லை. அவ்வாறானதொரு நூலே இல்லை. எழுதிய மாணவியை அழைத்து வினவியபோது, இயந்திரத்திடம் கேட்டுப் பெற்றதை அவர் மறைக்கவில்லை. அவர் தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டியார் அப்பாடல்களைப் பாடக் கேட்டவர். அவற்றை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். அவை ஆதாரமாகக் கொள்ளப்படும் என்று தமக்கு யாரும் சொல்லவில்லை என்றார்.

இவ்விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த வரலாற்றை நாமே வகுப்பறையிற் போதித்திருந்தோம். ஆனால் அதே உழைப்பில் ஈடுபடும் தகுதி அம்மாணவிக்கும் உண்டு என்பதை எமது ஒப்படை அவருக்கு உணர்த்தவில்லை. நூற்பெயர்கள் நிறைந்த, பொதுமையான, பிழையற்ற கட்டுரையையே நாம் எதிர்பார்ப்பதாக அவர் விளங்கிக்கொண்டார். அவ்வாறான கட்டுரையை அவரினும் விரைவாக இயந்திரம் எழுதும். இயந்திரத்துக்கு மிக ஏற்ற ஒப்படையை வகுத்தவர்கள் நாமே.

7

ஆகவே பொறுப்பு என்பதை மாணவனின் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்குதல் கருத்துமுதல்வாதமாகும். அது ஓர் உறவு. அதற்கு இரு முனைகள் உண்டு. மாணவர் பக்கத்திற் கூறவேண்டியது யாது?

தமிழ் இலக்கண மரபு, நூலுக்கு முகப்பாக அமையும் சிறப்புப்பாயிரம் சில செய்திகளைக் கூறவேண்டும் என விதித்துள்ளது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் என மூன்றையுஞ் சேர்ப்போரும் உளர். இவற்றுள் வழி என்பது நூல் எதிலிருந்து வந்தது என்பதைக் குறிக்கும். முதனூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடும் இதனையே வலியுறுத்துகின்றது. பிறர் நூலின்வழி எழுதுதல் இழுக்கன்று. வழியை மறைத்தலே இழுக்கு. பதிப்பாசிரியர் பேணிய பதிப்புரை வழக்கமும் இந்நேர்மையின் தொடர்ச்சியே. மாணவர் தம் ஒப்படைக்கு ஒரு பாயிரம் எழுதட்டும். இயந்திரத்திடம் எதைக் கேட்டேன், அது தந்ததில் எதை ஏற்றேன், எதை எவ்வாறு சரிபார்த்தேன், எதனைத் தள்ளினேன் என்பதை ஒரு பக்கத்தில் அது கூறட்டும். இக்கூற்றுக்காக அவர் தண்டிக்கப்படலாகாது. ஆங்கிலக் கட்டுரையொன்றின் கடினமான பந்தியை விளங்கிக்கொள்ளவும், தன் வாதத்துக்கு எதிர்வாதம் தேடவும், எழுதியதன் பிழை களையவும் இயந்திரத்தை நாடுதல் ஏற்கத்தக்கதே. தான் வாசியாத நூலைச் சான்றாகக் காட்டுவதும், தானே விளக்க இயலாத வாக்கியத்துக்குத் தன் பெயரை இடுவதும் ஏற்கத்தகாதவை.

ஆசிரியர் பக்கத்தின் கடமை இதனினும் பெரிது. நன்னூலார் கூறிய அரைப்பங்கினை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருதல் வேண்டும். எழுதிய ஒப்படையை மாணவர் சகமாணவர் முன் எடுத்துரைத்து வினாக்களுக்கு விடையளிக்கும் பத்து நிமிடங்கள், எந்தக் கண்டறி கருவியினும் நம்பகமானவை. இயந்திரத்துக்கு எட்டாத மூலங்களை நோக்கி ஒப்படைகள் திரும்புதல் வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய அறிக்கைப் புத்தகம், கூத்து அண்ணாவியாரின் நினைவு, ஆலயக் கணக்கேடு, தோட்டத்துப் பாட்டியின் பாடல் என்பன யாவும் மூலங்களே. அவ்வாறு சேர்த்தவை உரியவர் சம்மதத்துடன் பொது நூலகங்களையும் எண்ணிமச் சேகரிப்புகளையும் அடையின், அறிவு ஒரு சில நிறுவனங்களின் சொத்தாவதற்கு எதிரான சிறு எதிர்ப்பாகவும் அது அமையும்.

இவற்றுக்கு நேரம் வேண்டும்; ஆளணி வேண்டும். இருநூறு மாணவருக்கு ஒரு விரிவுரையாளர் என்ற நிலையில் வாய்மொழி விசாரணை கனவாகவே முடியும். 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டல் மனிதனை மையப்படுத்திய அணுகுமுறையை வற்புறுத்துகின்றது. நல்ல வழிகாட்டலே. ஆனால் மனிதரை நியமிக்கப் பணமில்லை என்று கூறும் அரசுகள், அதன் சொற்களை ஏற்றுக்கொண்டு மென்பொருளை வாங்கும் அபாயம் உண்டு. ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வில், முதலாளித்துவத்தின்கீழ்ச் சிந்திப்பதும் செய்வதும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டுத் தொழிலாளி வெறுஞ் செய்பவனாக்கப்படுவதைக் காட்டினார். ஒப்படையை இயந்திரம் எழுத, அதனை இயந்திரமே திருத்தும் வகுப்பறை இப்பிரிவினையின் உச்சமாக அமையும். அங்கு மாணவரும் ஆசிரியரும் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குத் தாள் சுமப்போராவர். எனவே மாணவர் தொகைக்கேற்ற ஆசிரியர் நியமனம், நூலக நிதி, எல்லா மாணவர்க்கும் சமமான கருவி வசதி ஆகியவற்றுக்கான கோரிக்கை, பொறுப்பான பயன்பாடு என்ற பேச்சின் பிரிக்கமுடியாத அங்கமாகும். அக்கோரிக்கை இன்றி மாணவரிடம் மட்டும் பொறுப்பை வேண்டுதல் பாசாங்காகவே முடியும்.

இயந்திரத்தை உடைத்தெறிய வேண்டுமென நாம் கூறவில்லை. 1811ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் நெசவுப் பொறிகளை உடைத்த தொழிலாளரின் கோபம் நியாயமானது. எனினும் இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்தி உணர்வதற்குத் தொழிலாளர் வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன. அவ்வேறுபாட்டை உணர்த்துவதே இன்று கலைத்துறை ஆசிரியரின் பணியாகும். ஓலையும் அச்சும் கணினியும் கற்பவர்க்குக் கருவிகளாக இருந்துள்ளன. கற்றதைப் பிறர்முன் எடுத்துரைத்து அதற்குப் பதில் சொல்லும் உழைப்பினை மட்டும் எந்தக் கருவியும் கற்பவருக்காகச் செய்து முடித்ததில்லை. அவ்வுழைப்பில் ஈடுபடும் உரிமை நெடுங்காலம் சிலருக்கே உரியதாயிருந்தது. அது பலருக்கும் கிட்டத் தொடங்கிய இக்காலத்தில், அதனை இயந்திரத்திடம் கையளித்துவிடுமாறு அப்பலரிடம் கூறப்படுகின்றது. இதனை அம்மாணவருக்கு வரலாற்றுடன் விளக்கிக் கூறுவதும், அவர்கள் கூறுவதைக் கேட்க அமர்வதுமே எமது முதற்கடன்.